ஓரவஞ்சனை

டுலூத் நகரத்து மருந்துக்கடையில்
பின்மூலை என்னுடையது:
வெள்ளைத் திரை, ஒரு முக்காலி,
இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் முகம்.

கடவுச்சீட்டுக்குக் கலை கிடையாது.
முகம் நட்ட நடுவில்.
கண்ணாடியைக் கழற்றுங்கள்.
பல் தெரிய வேண்டாம்.
பின்னால் நிழல் விழக்கூடாது.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்:
படத்தைச் சுற்றி அடிக்கிற மரமும் சட்டம்,
ஆளைச் சுற்றி அடிக்கிற விதியும் சட்டம்.
நாளுக்கு முப்பது பேரை
இரண்டுக்குள்ளும் சேர்த்தே மாட்டுகிறேன்.

நாலு மணிக்கு வேலை முடிந்ததும்
கால்வாய்க்கு ஓட்டம்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் கிளம்பும் நேரம்
தூக்குப்பாலம் தன் வயிற்றை எக்கி வழிவிடும்.
கையுறையைக் கழற்றினால் விரல் போகும்,
கழற்றாவிட்டால் படம் போகும்.

மூன்று குளிர்காலம். நூற்றுப் பன்னிரண்டு கப்பல்.
வீட்டில் திரையில் போட்டுப் பார்த்தால்
எல்லாம் நடுநாயகமாக,
காது இரண்டும் தெரிய,
கடவுச்சீட்டுக்கு வந்து நின்றதுபோல.
ஏரிதான் வெள்ளைத் திரை.
ஒன்றில் கலங்கரை விளக்கம்
ஒரு மாலுமியின் தலையில் முளைத்திருந்தது.
இன்னொன்றில் அடிவானம் சரிந்து
ஏரித் தண்ணீர் மொத்தமும்
என் மேசையில் கொட்டப் பார்த்தது.

லென்ஸின் மேல் பழிபோட்டேன்.
கடன் அட்டையில் புது லென்ஸ் வாங்கினேன்.
கப்பல்கள் முன்னைவிடத் துல்லியமாக
நடுவில் நின்றன.

ஜனவரியில்
லாக்சோ வந்தார், எஞ்சின் அறைக்காரர்,
ஆறு வாரக் குழந்தையோடு.
நாலேமுக்காலுக்குக் கப்பல், சீக்கிரம் என்றார்.
குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை.
படுக்கவைத்தால் அழுகை.
தாங்கிப் பிடித்தால் சட்டம் ஒப்பாது:
கை தெரியக்கூடாது.

பதினோரு தடவை எடுத்தேன்.
பதினொன்றிலும் அந்தக் கை
எங்கிருந்தாவது எட்டிப் பார்த்தது.
நகக்கண்ணில் கருப்பு,
எந்தச் சோப்புக்கும் மசியாத எண்ணெய்க் கருப்பு.
பன்னிரண்டாவதில்
கையைத் துணிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.
கிடைத்தது. நடுவில் முகம்.
நல்ல பிரஜை.

மற்றதை அழிக்கப் போனபோதுதான்
ஏழாவதைப் பார்த்தேன்.
குழந்தை நழுவி
வலது கீழ்மூலைக்குப் போயிருந்தது.
இடது விளிம்பிலிருந்து கை மட்டும்,
மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு.
நடுவில் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததைத் தாண்டிக்
கை போய்க்கொண்டிருந்தது.

அதையும் அச்சடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.
அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி
சட்டப்படியான இரண்டை மேசையிலேயே மறந்து போனார்.
வாகன நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன்.

ஓரவஞ்சனை கூடாது என்பார்கள்.
பந்தியில் கூடாது,
பாகம் பிரிக்கும்போது கூடவே கூடாது.
படத்துக்குக் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் கால்வாய்க்கரையில்
இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தேன்.
கலங்கரை விளக்கம் யார் தலையிலிருந்தோ இறங்கியது.
முட்டி போட்டேன், ஈரம் ஏறியது,
விளக்குக் கம்பம் ஒன்று படத்தைவிட்டு வெளியேறியது.
ஆயிரம் அடிக் கப்பலிடம்
ஓரமாகப் போ என்று யார் சொல்வது?
நான்தான் போகவேண்டும்.

மூக்கு வந்தது. விட்டேன்.
பெயர் எழுதிய நெற்றி வந்தது. விட்டேன்.
விரல் கெஞ்சியது. நீள நீளமாய்ப் போன
துருப்பிடித்த செந்நிறம் முழுவதையும் விட்டேன்.
கடைசியில்
வலது ஓரத்தில் பின்புறம் மட்டும்,
அதில் வெளிச்சமாய் ஒரு வட்ட ஜன்னல்,
மீதி முழுக்க ஆவி பறக்கும் ஏரி.

அமுக்கினேன்.
ஒன்றே ஒன்று. பேட்டரி குளிரில் செத்தது.

மறுநாள் காலை முதல் ஆள் ஒரு பெண்.
முக்காலியின் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள்,
பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு,
கொஞ்சம் நடுவுக்கு வாங்க என்றேன்.
வந்தாள்.